திருத்தும் கலையும் புனைகதையும்: பஷீரை முன்வைத்து

கதை எழுதக் கற்பது எவ்வாறு என்னும் வினாவுக்கு நம்மிடையே வழக்கமாகத் தரப்படும் விடை ‘நிறையப் படியுங்கள்’ என்பதே. விடை தவறன்று, முழுமையானதும் அன்று. நிறையப் படித்தோர் பலர் படித்ததைப் போலச் செய்வதோடு நின்றுவிடுகின்றனர். இச்சொல் ஏன் இங்கே நிற்கிறது, இதை நீக்கினால் எது குறையும் என்று திருத்துநரின் கண்ணோடு படிக்கும்போதுதான் வாசிப்பு எழுத்துக்கு உரமாகிறது.

வாசிப்பையும் திருத்தத்தையும் ஒரே செயலாகக் கருதுவது நம் மரபுக்குப் புதிதன்று. ஹதீஸ் கலையில் மாணவர் தாம் எழுதியெடுத்த ஏட்டை ஆசிரியரின் மூலத்தோடு ஒப்புநோக்கிச் சரிசெய்த பின்னரே அது நம்பத்தக்க பிரதியாகக் கொள்ளப்பட்டது. ‘முகாபலா’ என்பது இதன் பெயர். இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) (மறைவு 1245) தமது ‘முகத்திமா’வில் பிழைச் சொல்லை எவ்வாறு நீக்குவது என்பதைக்கூட ஆராய்கிறார். சுரண்டுவதையும் கழுவி அழிப்பதையும்விட அதன்மீது கோடிடுவதே மேல் என்பது அத்துறை அறிஞர்கள் வலியுறுத்திய முறை. அடித்த சொல்லைப் பின்வருவோரும் படித்தறிய இயலும் அல்லவா? எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே திருத்தத்துக்கு மூலப்பிரதி அளவுகோல். புனைகதைக்கு அத்தகைய மூலம் இல்லை. நெடிய வாசிப்பில் பழகிய செவி ஒன்றே அளவுகோல்.

அச்செவி செயற்படும் விதத்தை அறிய வைக்கம் முகம்மது பஷீரைவிடத் தக்க சான்று அரிது. 1944இல் வெளியான ‘பால்யகால சகி’ முதலில் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கப்பட்டுப் பின்னர் மலையாளத்தில் உருப்பெற்றது. சிறுவயது நட்பு, குடும்பத்தின் வீழ்ச்சி, அயலூர் அலைச்சல், மஜீது காலை இழத்தல், சுஹறாவின் மரணம் என ஒரு பெருநாவலுக்குரிய நிகழ்ச்சிகள் அனைத்தும் மிகச் சிறிய நூலொன்றில் அடங்கியிருக்கின்றன. அதன் முடிவைக் கவனிக்க வேண்டும். சுஹறா இறந்த செய்தி வந்தபின், தான் ஊரைவிட்டுப் புறப்பட்ட நாளில் அவள் ஏதோ சொல்லத் தொடங்கியதும் பேருந்தின் ஒலி குறுக்கிட்டதும் மஜீதின் நினைவுக்கு வருகின்றன. அவள் சொல்ல வந்தது என்ன என்பதை ஆசிரியர் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் அது ஒரு காதல் வசனமாகச் சுருங்கியிருக்கும். 1951இல் வந்த ‘எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது’ நாவலிலும் இதே கட்டுப்பாடு காணப்படுகிறது. குலப்பெருமையின் அடையாளமான ஆனை வெறும் குழியானை என்று குழந்தைகள் கேலி செய்வதோடு அப்பெருமை சரிந்துவிடுகிறது. அதன்மேல் ஆசிரியர் அறவுரை எதையும் ஏற்றவில்லை.

எல்லாத் திருத்தமும் இத்தகையதன்று. ‘பாத்துமாவின் ஆடு’ நாவலில் பள்ளி ஆசிரியரான தம்பி அப்துல்காதர், அண்ணனின் எழுத்தில் எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று இலக்கணப் பிழைகளைத் தேடுகிறார். அண்ணனுக்குச் சினம் மூள்கிறது. மக்கள் பேசுவது போலவே எழுதியவருக்கு அந்த இலக்கணம் பொருந்தவில்லை. அதே நாவலில் ஆடு ‘பால்யகால சகி’யையும் ‘சப்தங்க’ளையும் தின்றுவிடுகிறது! நகைச்சுவையின் ஊடே ஓர் உண்மை துலங்குகிறது. இலக்கணத் திருத்தம் வாக்கியத்தைச் சீர்செய்யும். எது கதை, எது கதைக்கு வெளியே நிற்பது என்பதை அதனால் காட்ட இயலாது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். 1954இல் மனநோய்க்கான சிகிச்சையின்போது எழுதி 1959இல் வெளியிட்ட இந்நாவலைத் தாம் திருத்தாமலே விட்டதாக பஷீரே முன்னுரையில் குறிப்பிடுகிறார். திருத்தாத நூல் அவருடைய சிறந்த படைப்புகளுள் ஒன்றாயின் திருத்தம் எதற்கு? பல ஆண்டுகள் அடித்தும் சுருக்கியும் எழுதிய கை அது என்பதே விடை. திருத்தும் அறிவு எழுதும் கணத்திலேயே உடனிருந்தது. தொடக்க எழுத்தாளர் இதனை முன்மாதிரியாகக் கொள்வது பயிற்சியின் இறுதிப் படியில் இருந்து ஏறத் தொடங்குவதாகும்.

தமிழில் தோப்பில் முஹம்மது மீரான் (1944–2019) இவ்வழியில் வந்தவர். மலையாள வழியில் கல்வி பயின்ற அவர், எம். என். காரச்சேரி எழுதிய பஷீரின் வாழ்க்கை வரலாற்றைத் தமிழாக்கினார். மொழிபெயர்ப்பு மிக நெருங்கிய வாசிப்பு. ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் கேட்காமல் அதில் ஓரடியும் நகர முடியாது. 1988இல் நூலாக வெளிவந்த அவருடைய ‘ஒரு கடலோரக் கிராமத்தின் கதை’யில் தேங்காய்ப்பட்டணத்துப் பேச்சு ஏட்டுத் தமிழாக மாற்றப்படாமல் நிலைபெற்றிருக்கிறது. எதை வெட்டுவது என்பதோடு எதைத் தொடாமல் விடுவது என்பதும் திருத்தும் கலையே.

நம் இதழ்களில் வெளிவரும் கதைகளுள் பல இவ்விரண்டையும் தலைகீழாகச் செய்கின்றன. உம்மாவும் வாப்பாவும் வீட்டில் பேசும் பேச்சு, அயலார்க்கு விளங்காதோ என்ற அச்சத்தால் பொதுத்தமிழாகத் திருத்தப்படுகிறது. கதை முடிந்த பின்னும் தொடரும் கடைசிப் பத்தியின் உபதேசமோ கைபடாமல் அச்சேறுகிறது. உபதேசத்துக்கு மிம்பர் இருக்கிறது. அதன் கண்ணியம் வேறு. கதைக்குள் அது நுழையும்போது, வாசகர் தாமாக உணர்ந்து அடைய வேண்டிய படிப்பினையை அவரிடமிருந்து பறித்துவிடுகிறது.

ஆகவே இளம் எழுத்தாளர்க்கு ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்கலாம். தம் கதையை வாய்விட்டு வாசித்து, கடைசிப் பத்தியின்மீது கோடிட்டு, அது இல்லாமல் கதை நிற்கிறதா என்று பார்க்கட்டும். அடித்ததை அழிக்க வேண்டாம். ஓராண்டு கழித்து அக்கோடுகளைப் படிப்பதும் கல்வியே. இதழாசிரியர்களுக்கும் இதில் கடமை உண்டு. கதையைச் சொல்லாமல் திருத்தி வெளியிடுவதையும் காரணமின்றித் திருப்பியனுப்புவதையும் விடுத்து, கோடிட்ட பிரதியை எழுதியவரிடமே சேர்ப்பிக்க வேண்டும். எழுதியவருக்கும் திருத்துபவருக்கும் இடையே நடக்க வேண்டிய முகாபலா அதுவே.