வழிநூலாகும் சாகசம்: மான்ட்டி கிறிஸ்டோ கதையின் பர்மிய, தமிழ் வடிவங்கள்

முன்னுரை

புகழ்பெற்ற சாகச நாவல் ஒன்று மேடைக்கோ திரைக்கோ வேற்று மொழிக்கோ செல்லும்பொழுது, மூலம் பேணப்பட்டதா சிதைக்கப்பட்டதா என்ற வினாவே திறனாய்வில் முதலிடம் பெறுகின்றது. தமிழ் மரபு இவ்வினாவை வேறு வகையாக அணுகியுள்ளது. முதல்நூலிலிருந்து பிறப்பதை வழிநூல் என வகுத்த தொல்காப்பிய மரபியல், அது தோன்றும் முறைகளாகத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு ஆகிய நான்கைக் கூறுகின்றது. இப்பகுப்பில் பழிச்சொல் இல்லை. எதைச் சுருக்கினர், எதை விரித்தனர், எதனால் என்பனவே இங்கு எழத்தக்க வினாக்கள். அலெக்சாந்தர் டூமாவின் மான்ட்டி கிறிஸ்டோ கோமகன் என்னும் நாவலின் இரு கீழை வடிவங்களை இக்கட்டுரை அவ்வினாக்களால் ஆராய்கின்றது. ஒன்று 1904இல் வெளிவந்த பர்மிய நாவல். மற்றொன்று 1958இல் வெளிவந்த தமிழ்த் திரைப்படம்.

மூலமும் ஒரு வழிநூலே

டூமாவின் நாவல் 1844 முதல் 1846 வரை பாரிசு நாளிதழ் ஒன்றில் தொடராக வந்தது. கதையமைப்பில் ஒகுஸ்த் மாக்கே என்னும் எழுத்தாளர் உடனுழைத்தார். பொய்க் குற்றச்சாட்டால் சிறைப்பட்டு, பெருஞ்செல்வத்தோடு திரும்பிப் பழிதீர்த்த ஒருவனைப் பற்றிக் காவல்துறை ஆவணக் காப்பாளர் ழாக் பேஷே எழுதிவைத்திருந்த குறிப்பு கதைக்கு வித்தாயிற்று. 1848இல் டூமாவே அதனை நாடகமாக்கியபோது ஓர் இரவில் அடக்க இயலாமல் இரண்டு இரவுகளுக்குப் பகுக்க நேர்ந்தது. ஆவணக் குறிப்பு, தொடர்கதை, நாடகம் என மூலமே மூன்று வடிவம் கண்டது. எனவே தூய்மையான மூலம் ஒன்றை நிறுத்திப் பிறவற்றை அதன் குறைப்பிரதிகளாகக் காண்பது இந்நூலைப் பொறுத்தவரை பொருந்தாது.

நாவலின் அடிப்படை நீதி பற்றிய ஒரு சிக்கல். எட்மோன் தாந்தே பதினான்கு ஆண்டுகள் சிறையில் வாடுகிறான். அங்கு ஃபரியா பாதிரியாரிடம் கல்வியும் புதையலின் மறைவிடமும் பெறுகிறான். கோமகனாக மீண்டு பகைவரைத் தண்டிக்கிறான். பகைவரின் வீழ்ச்சியில் குற்றமற்ற ஒரு சிறுவனும் மடிந்தபோது, தன் செயல் இறைவனின் செயல்தானா என்ற ஐயம் அவனுள் நுழைகின்றது. அந்த ஐயமே இந்நாவலை வெறும் பழிவாங்கல் கதையிலிருந்து உயர்த்துகின்றது. வழிநூல்கள் இந்த ஐயத்தை என்செய்தன என்பதே அவற்றை அளக்கும் கோல்.

பர்மிய நாவல்: தொகுத்தல்

ஜேம்ஸ் லா ஜோ எழுதிய 'மவுங் யின் மவுங், மா மே மா' பர்மிய மொழியின் முதல் நவீன நாவலாகப் பொதுவாகக் கருதப்படுவது. டூமாவின் பெருநூலில் ஒரு பகுதியை மட்டும் தழுவியது. புத்த ஜாதகக் கதைகளும் அரசவை வாழ்வைக் காட்டும் நாடக நூல்களும் கோலோச்சிய சூழலில் அது வெளிவந்தது. தலைப்பிலேயே தலைவனும் தலைவியும் இணைந்து நிற்கின்றனர். கோமகன் என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட தனிமனிதனின் கதை, இருவர் பெயரால் அறியப்படும் கதையாயிற்று.

தொகுத்தல் எனத் தொல்காப்பியம் கூறும் முறைக்கு இது தக்க சான்று. புதிய இலக்கிய வகை ஒன்றை அறிமுகம் செய்பவன், வாசகர் முன்பே அறிந்த சுவையோடு இயைந்த பகுதியையே முதலில் தேர்வான். பின்னர் ஷுவே உ டவுங், ஷெர்லக் ஹோம்ஸை மவுங் சான் ஷா என்னும் இரங்கூன் துப்பறிவாளராக்கினார். அதே காலத்தில் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கிலப் புனைகதைகளுக்குத் தமிழ்நாட்டுப் பெயரும் உடையும் தந்துகொண்டிருந்தனர். வங்கக் கடலின் இரு கரைகளிலும் நாவலின் தொடக்கம் தழுவலோடு பின்னிப் பிணைந்தே நிகழ்ந்தது.

ஜெமினியின் வழி: தொகைவிரி

தமிழில் டூமாவின் வாழ்வு அச்சைவிடத் திரையிலேயே பெரிதும் விளங்கியது. ஆனந்த விகடனையும் ஜெமினி ஸ்டூடியோவையும் ஒருங்கே நடத்திய எஸ்.எஸ். வாசனுக்குத் தொடர்கதையும் திரைக்கதையும் அண்டை வீடுகள். அவர் எழுதிய சதி லீலாவதி 1936இலேயே படமாகியிருந்தது. ஜெமினியின் அபூர்வ சகோதரர்கள் (1949) டூமாவின் கோர்சிகச் சகோதரர் கதையைத் தழுவியது. ஆயின் அது நூலைவிட 1941இல் வந்த ஆலிவுட் படத்தையே நெருங்கிப் பின்பற்றியது. ஊடகம் நூலை மட்டுமன்றி மற்றோர் ஊடகத்தையும் முதல்நூலாகக் கொள்ளும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. அக்கதை 1971இல் நீரும் நெருப்பும் என மீண்டும் வந்தது.

1958இல் வாசனே இயக்கிய வஞ்சிக்கோட்டை வாலிபன் மான்ட்டி கிறிஸ்டோ கதையைத் தழுவியது எனத் திரை வரலாறு எழுதுவோர் சுட்டுவர். அநீதிக்குள்ளான இளைஞன், கடல், அடையாளம் மறைத்துச் செல்வனாகத் திரும்புதல் ஆகிய மூன்று கண்ணிகளும் படத்தில் நிலைக்கின்றன. ஆனால் தாந்தேயின் பகைவர் மூவரும் தனிமனித ஆசையால் குற்றம் செய்தவர். வஞ்சிக்கோட்டையின் சேனாபதியோ அரசையே கவர்பவன். ஆகவே சுந்தரலிங்கத்தின் பழி, நாட்டின் பழியோடு ஒன்றாகின்றது. அரியணை உரியோரிடம் சேரும்போது கணக்கு முடிகின்றது. தன் நீதி சரியா என்று தலைவன் தன்னையே வினவும் தேவை அங்கு எழுவதில்லை. டூமாவின் ஐயம் கரைந்துபோகும் இடம் இதுவே.

சான்றுரையும் ஆடலும்

எனினும் அந்த ஐயம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. அது வேறொரு பாத்திரத்திடம் இடம்பெயர்ந்துள்ளது. நாவலில் ஐதே என்னும் பெண், யானினாவின் அலி பாஷாவின் மகள். அடிமைச் சந்தையில் கோமகனால் வாங்கப்பட்டவள். பிரபுக்கள் அவையில் எழுந்து, தன் தந்தையைக் காட்டிக்கொடுத்தவன் ஃபெர்னான் என்று சான்றுரைத்து அவனை வீழ்த்துபவள் அவளே. இறுதியில் கோமகனோடு கடல் கடந்து செல்கிறாள்.

படம் இவ்வுறவைத் தலைகீழாக்குகின்றது. இரத்தினத் தீவில் ஆள்பவள் மந்தாகினி. அவள்முன் அடிமை நிலையில் நிற்பவன் தலைவன். அவளது காதலே அவன் மீட்சிக்கு வழியாகின்றது. அவனோ பத்மாவுக்கு உரியவன். நாவலில் மன்றத்தில் ஒலித்த பெண்குரலுக்கு ஈடாகப் படம் வைப்பது, பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடும் புகழ்பெற்ற போட்டி நடனம். பேரவைச் சான்றுரையின் இடத்தில் அரசவை ஆடல் அமர்கின்றது. இதனை வெறும் கவர்ச்சிச் சேர்க்கை என ஒதுக்குதல் பிழை. வஞ்சிக்கப்பட்ட மந்தாகினி தன் வழக்கைச் சொல்ல அந்த அவையில் அவளுக்குக் கிடைக்கும் ஒரே மொழி நடனமே. ஆனால் அதனைக் கேட்கும் நடுவர் எவருமில்லை. பி.எஸ். வீரப்பாவின் சேனாபதி அதனைக் காட்சியாகச் சுவைக்கிறான்; அவள் வழக்கை அறிந்த தலைவன் மறைவேடத்தில் வாய்மூடியிருக்கிறான். ஐதே பேசி வென்றாள். மந்தாகினி ஆடியும் வெல்லவில்லை, இறுதியில் உயிரிழக்கிறாள். தலைவனின் நீதிக்கு யார் விலை கொடுத்தார் என்ற டூமாவின் வினாவைப் படம் உரையாடலில் எழுப்பவில்லை. அவளது சாவில் எழுப்பிவிட்டு, விடை கூறாமல் நகர்கின்றது. படத்தின் வலிமையும் குறையும் இங்கேயே ஒன்றாக உள்ளன.

கடலும் திரும்புதலும்

அன்றைய தமிழ்ப் பார்வையாளருக்குக் கடல் கடந்து திரும்புதல் வெறும் கற்பனையன்று. 1942இல் பர்மாவிலிருந்து இலட்சக்கணக்கான இந்தியர் வெளியேறினர். பலர் கால்நடையாகவே வந்தனர். இரங்கூன் குடும்பம் ஒன்றின் சிதைவைப் பராசக்தி (1952) சமூகப் படமாகக் காட்டியது. அங்குத் திரும்பி வருபவனை எதிர்கொள்வது வறுமையும் வஞ்சகமும். ஆறாண்டுகள் கழித்து வந்த வஞ்சிக்கோட்டை வாலிபனில் திரும்புபவன் இரத்தினங்களோடு வருகிறான். சமூகப் படம் மறுத்த நிறைவைச் சாகசப் படம் வழங்கியது என இவ்விரண்டையும் இணைத்துப் படிக்க இடமுண்டு. 1964ஐ ஒட்டிய ஆண்டுகளில், நாட்டுடைமையாக்கத்திற்குப் பின், உடைமை இழந்து கப்பலேறி வந்தோரின் வாழ்வு பராசக்தியின் பக்கமே நின்றது.

திரும்பாதோரின் நிலை வேறு. யாங்கோனுக்கு வடக்கே, 1877இல் திறக்கப்பட்ட பியே இருப்புப்பாதையில் அமைந்த மாவ்பி போன்ற ஊர்களில் நின்று நோக்கினால், இவ்விரு வழிநூல்களும் ஒருவரின் கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளன. மாவ்பி சயா தெய்ன் என்ற எழுத்தாளரின் பெயரில் பர்மிய இலக்கியத்திலும் இவ்வூர் இடம்பெற்றுள்ளது. மியன்மாவில் பள்ளிக் கல்வி பர்மிய மொழியில் நிகழ்கின்றது. தமிழ், இல்லத்தாலும் கோயில்சார் வகுப்புகளாலும் காக்கப்படுகின்றது. ஜேம்ஸ் லா ஜோவை மூலமொழியில் படிக்கவும் வாசனின் படத்தை உரையாடல் விளங்கப் பார்க்கவும் வல்லவர் அம்மண்ணின் தமிழரே. இவ்விரண்டையும் ஒப்பிடப் பாரிசு வழியாகச் சுற்றிவருவதே ஆய்வுலகின் வழக்கமாக உள்ளது. அண்டை மொழியைக் கடந்து ஐரோப்பாவை மட்டும் நோக்கும் ஒப்பிலக்கியம், தன் குடும்பத்தினர் அறிந்த மொழியையே அறியாதிருக்கும் குறையுடையது.

முடிவுரை

பர்மிய நாவல் ஒரு பகுதியைத் தொகுத்துத் தன் மொழிக்குப் புதிய இலக்கிய வகையைத் தந்தது. தமிழ்ப் படம் பழியின் கணக்கைச் சுருக்கி, அதன் விலையை ஒரு பெண்ணின் ஆடலில் விரித்தது. இரண்டும் டூமாவுக்குக் கடன்பட்டவை. எனினும் அவற்றின் தகுதி அக்கடனின் அளவைப் பொறுத்ததன்று. எந்த வினாவை ஏற்றன, எதனைத் தள்ளின என்பதே கருதத்தக்கது. பர்மியமும் தமிழும் ஒருங்கே அறிந்த மாணவரை, தகவல் தருபவராக அன்றித் திறனாய்வாளராகவே தமிழியல் ஏற்கும் நாளில் இவ்வொப்பாய்வு முழுமை பெறும்.