போர்வையில் ஒட்டாத மொழி

குழந்தைப் படநூல்களைத் திறனாய்வுக்கு உரியனவாக நம் அறிஞர் கருதுவது அரிது. படம் பார்த்துப் புரட்டிவிடும் பொருள் என்றே அவை ஒதுக்கப்படுகின்றன. அமெரிக்க எழுத்தாளரும் ஓவியருமான பட்ரீசியா பொலாக்கோ 1988-இல் வெளியிட்ட 'தி கீப்பிங் குவில்ட்' அங்ஙனம் ஒதுக்கத்தக்கதன்று. உருசியாவினின்று நியூயார்க்கில் குடியேறிய யூதக் குடும்பம் ஒன்றின் கதை அது. ஆசிரியர்தம் முன்னோர் கதையுமாகும்.

சிறுமி அன்னா வளர வளர, அவள் உடுத்து வந்த உடை சிறிதாகிறது. தாய் அதனை எறிந்துவிடவில்லை. அவ்வுடையும் தலைத்துண்டும், மாமன், அத்தை முதலியோரின் பழந்துணிகளும் சேர்ந்து ஒரு போர்வையாகின்றன. நம் பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் பழம்புடைவைகளைச் சேர்த்துத் தைக்கும் 'பொந்த'வை ஒத்தது அது. வெள்ளி மாலை ஓய்வுநாள் விருந்தில் மேசை விரிப்பாகவும், மணநாளில் கோல்களில் ஏந்திய விதானமாகவும், பிறந்த மகவைப் பொதியும் துணியாகவும் அது தலைமுறைகளைக் கடக்கிறது. தாயின் பழம்புடைவையில் தூளி கட்டும் நமக்கு இதற்கு உரை வேண்டா.

ஓவியத்தின் திறமே நூலின் திறம். மாந்தர் அனைவரும் கரிக்கோட்டில் நிறமின்றி நிற்க, போர்வைக்கும் அது பிறந்த துணிகளுக்கும் மட்டுமே வண்ணம். முகங்கள் மாறுகின்றன, மூத்தோர் மறைகின்றனர், குழந்தையின் கண் அவ்வண்ணத்தைத் தேடியே அடுத்த பக்கம் செல்லும். வழக்கமும் மாறுகிறது. அன்னாவின் மணவிழாவில் ஆடவரும் பெண்டிரும் தனித்தனியே மகிழ்ந்தனர். மகள் மணத்தில் ஒருங்கு கூடினர். இதனை ஆசிரியர் புகழவுமில்லை, பழிக்கவுமில்லை. அறிவுரை புகட்டாத குழந்தை நூல் நமக்குப் புதிதன்றோ!

ஆயின் ஒரு குறை. பள்ளி சென்ற அன்னா ஆறே மாதத்தில் ஆங்கிலம் பேசுகிறாள். பெற்றோர்க்காகவும் அவளே பேசுகிறாள். அதன்பின் வீட்டு மொழி என்னவாயிற்று? நூல் வாய் திறவாது நகர்கிறது. துணியைக் காத்த குடும்பம் மொழியைக் காத்ததா என்பதற்கு ஒரு பக்கமும் இல்லை. கொச்சி யூதரை ஈண்டு நினைத்தல் தகும். 1950-களில் அவர்களுள் பெரும்பாலோர் இசுரேலுக்குக் குடிபெயர்ந்தபோது, பெண்டிர் தம் மலையாளப் பாட்டுகளைக் கையெழுத்து ஏடுகளில் உடன்கொண்டு சென்றனர். அவர்க்குப் போர்வை அவ்வேடுகளே.

புத்தலப்பட்டு வட்டாரத்துத் தமிழர்க்கு இக்குறை மிகவே உறுத்தும். நாம் கப்பலேறவில்லை. 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுட் சென்றது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. நாம் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லை பெயர்ந்தது. தமிழ் பேசும் வீட்டுப் பேரன் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் கற்று, அலுவலகத்தில் பாட்டிக்காகப் பேசுகிறான். பாட்டிக்கு வந்த தமிழ்க் கடிதத்தை அவனால் படிக்க இயலவில்லை. தெலுங்கு கற்றது குறையன்று, அது அவன் ஊர்மொழி. கடிதம் படிக்கப்படாமற் கிடப்பதே குறை.

இந்நூல் தமிழில் வருமாயின் நடை எத்தகையதாதல் வேண்டும்? பாடநூல் தமிழ் உதவாது. தெலுங்குச் சொல் இரண்டு கலந்திருப்பினும், பாட்டி பேசும் சித்தூர்த் தமிழே பொருந்தும். 'பொந்த' என்னும் சொல்லையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.