ஒருமுறை கேட்டது போதாதோ?

பகவத் விஷயத்தை ஒருமுறை முழுமையாகக் காலக்ஷேபம் கேட்டு ஸாற்றுமுறையும் ஆனபின், மறுபடியும் அதே கிரந்தத்தைக் கேட்க ஏன் உட்கார வேண்டும் என்ற கேள்வி இப்போது நம் கோஷ்டிகளுக்குள்ளேயே எழுகிறது. கேட்பவர்கள் ச்ரத்தை இல்லாதவர்கள் அல்லர். அவர்கள் பக்கத்தில் நியாயமும் இருக்கிறது. திருவாய்மொழிப் பாசுரங்கள் 1102. அதற்கு ஈடு 36000 படி. வாரம் ஒருநாள் என்று நடக்கும் காலக்ஷேபத்தில் இது முடியப் பல ஆண்டுகள் செல்லும். அத்தனை ஆண்டுகளைக் கொடுத்தவன் திரும்பவும் முதல் பத்தின் முதல் பாசுரத்திற்கு வந்து நிற்கும்போது, அவன் ஒருநாளும் திறந்து பாராத ஸ்ரீகோசங்கள் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. ஆயுஸ்ஸோ அளவுபட்டது. அறிந்ததையே மறுபடி அறிவதைக் காட்டிலும் அறியாததை அறிவது உசிதமன்றோ என்கிறார்கள்.

இதற்கு நம்மவர்கள் வழக்கமாகச் சொல்லும் ஸமாதானங்கள் இரண்டு. இரண்டும் இந்த இடத்திற்குப் பொருந்தா என்பது அடியேனுடைய எண்ணம்.

முதலாவது நாதமுனிகள் சரித்திரம். திருக்குருகூரில் கண்ணிநுண்சிறுத்தாம்பை அவர் பன்னீராயிரம் உரு அநுஸந்தித்தார், அதனாலன்றோ நாலாயிரமும் கிடைத்தது என்பர். மெய்தான். ஆனால் அவர் அங்கே செய்தது விரும்பிய நூலை மீண்டும் படித்தது அன்று. இழந்த நிதியை மீட்பதற்காகச் செய்த பிரார்த்தனை. பலத்தை முன்னிட்ட ஆவ்ருத்தி அது. பலம் கைவந்தபின் எண்ணிக்கை நின்றுவிட்டது. ஏற்கெனவே நாலாயிரமும் அச்சிட்டுக் கையில் இருக்கிற நமக்கு இந்தச் சரித்திரம் வேறு எதையோ கற்பிக்கிறது, மறுவாசிப்பை அன்று.

இரண்டாவது ப்ரஹ்மஸூத்திரத்தின் நான்காம் அத்யாயத் தொடக்கத்தில் உள்ள ஆவ்ருத்தி அதிகரணம். மோக்ஷ ஸாதனமான வேதனம் ஒருமுறை செய்து விடுவதன்று. த்யானம், உபாஸனம் என்று ச்ருதி அதையே வேறு சொல்லால் வழங்குவதால் இடைவிடாமல் பலமுறை செய்யப்படவேண்டியது என்று பாஷ்யகாரர் அங்கே ஸ்தாபித்தருளினார். இதைக் கொண்டுவந்து, ஆகையால் கிரந்தத்தையும் பலமுறை படிக்கவேணும் என்று முடிப்பது விஷயத்தை மாற்றுவதாகும். அங்கே சொல்லப்பட்டது எண்ணெய் ஒழுக்குப் போன்ற நினைவு. புஸ்தகத்தைப் பிரிப்பதும் மூடுவதும் அந்த நினைவுக்கு உதவலாம்; அதுவே அது ஆகாது. மேலும் அது உபாஸகனுக்குச் சொன்ன விதி. ப்ரபந்நன் அதை எப்படித் தனக்குப் பிரமாணமாகக் காட்டுவான்?

உண்மையில் ப்ரபந்நனுடைய நிலையில்தான் இந்தக் கேள்வி கூர்மை அடைகிறது. நம் தர்சனத்தில் சரணாகதி ஒருமுறை செய்வது. இரண்டாம் முறை செய்தால் முதலாவதில் விச்வாஸம் குறைந்ததாக முடியும். எது உபாயமோ அது ஒருமுறையோடு அமைந்துவிட்டது. அப்படியிருக்க, அதற்குப் பிற்பட்ட வாழ்நாள் முழுவதும் த்வயத்தை விடாமல் அநுஸந்திப்பதும், அருளிச்செயலை ஓதுவதும், வியாக்கியானங்களைக் கேட்பதும் எதற்காக? காலக்ஷேபம் என்ற சொல்லே விடை சொல்லுகிறது. காலத்தைக் கழித்தல் என்பதே அதன் பொருள். பேறு நிச்சயமானபின் நடுவில் இருக்கும் காலத்தைப் போக்கும் வகை அது. பேற்றிலே கிடைக்கப்போகும் அநுபவத்தின் ஒரு துளி இங்கேயே கிடைப்பது. ஆகவே மறுபடி படிப்பதால் என்ன பயன் என்ற கேள்வி, படிப்பை உபாயத்தின் பக்கத்தில் வைத்துக் கேட்ட கேள்வி. நம் பூர்வர்கள் அதைப் பலத்தின் பக்கத்தில் வைத்தார்கள். உண்டவன், நேற்றும் இதைத்தானே உண்டாய் என்று யாரும் கேட்க எதிர்பார்ப்பதில்லை.

ஆழ்வார் தாமும் இதைச் சொல்லியிருக்கிறார். இரண்டாம் பத்தின் ஐந்தாம் திருவாய்மொழியிலே, நாள்தோறும் மாதந்தோறும் ஊழிதோறும் அநுபவித்தாலும் அந்தந்தக் கணத்தில் முன் கண்டறியாத அமுதமாக எம்பெருமான் தமக்கு இருக்கிறபடியைப் பேசுகிறார். வஸ்து மாறவில்லை, அநுபவமும் பழகிப்போகவில்லை. அந்த வஸ்துவைப் பேசும் ப்ரபந்தத்திற்கும் இந்த ஸ்வபாவம் ஓரளவு உண்டு என்று நம்பித்தான் திருவரங்கத்திலே மணவாள மாமுனிகள் ஓராண்டுக் காலம் நம்பெருமாள் திருமுன்பே ஈட்டை அருளிச்செய்தார். ஆனித் திருமூலத்தன்று ஸாற்றுமுறை ஆயிற்று. கேட்டு வீற்றிருந்தவரோ அந்தத் திருவாய்மொழிக்கே விஷயமானவர். புதிதாகத் தெரிந்துகொள்ளவேண்டியது அவருக்கு என்ன இருந்திருக்க முடியும்? தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்பது என்ற கொள்கை அந்த ஓராண்டைக் கொண்டே தள்ளுண்டுபோகிறது. எம்பெருமானாரும் அப்படியே. ஸ்ரீராமாயணம் அறியாதவரா அவர்? இருந்தும் திருப்பதியில் பெரிய திருமலை நம்பியின் திருவடிகளில் ஓராண்டு அதைக் கேட்டருளினார்.

இவ்வளவும் ஒரு பக்கம். இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் பெரிய ஆபத்து ஒன்று வரும். எல்லாம் அநுபவமே என்று சொல்லிக்கொண்டு, உறங்கிக்கொண்டே கேட்பதும், உதடு மட்டும் அசையப் படிப்பதும் செலாவணி ஆகிவிடும். ஏழாம் முறை கேட்கிறேன், எட்டாம் முறை கேட்கிறேன் என்று எண்ணிக்கை சொல்லுகிறவர்களைப் பார்க்கிறோம். நஞ்சீயர் நூறு முறை திருவாய்மொழிக்குப் பொருள் அருளிச்செய்தார் என்று ஸம்பிரதாயத்தில் சொல்லுவதுண்டு. அதற்காக நம்பிள்ளை அவருக்கு உத்ஸவமும் கொண்டாடினார் என்பர். அங்கே எண்ணியவர் சிஷ்யர். ஆசார்யர் எண்ணிக்கொண்டிருந்ததாகக் கேள்வி இல்லை.

இதைவிட நுட்பமான தோஷம் இன்னொன்று. விருப்பமான நூலுக்குத் திரும்புகிறவன் பெரும்பாலும் விருப்பமான இடத்திற்கே திரும்புகிறான். எங்கள் க்ருஹத்தில் தெலுங்கு லிபியில் அச்சான பகவத் விஷய ஸம்புடங்கள் இருக்கின்றன. அடியேனுடைய பாட்டனாரும் திருத்தகப்பனாரும் அவற்றில் படித்தவர்கள். அடியேனும் அவற்றின் எதிரே உட்கார்ந்துதான் கற்றேன். வேறு பாடசாலை கண்டதில்லை. ஓரங்களில் மூன்று தலைமுறைக் குறிப்புகள் உண்டு. சில திருவாய்மொழிகளின் ஏடுகள் தொட்டுத் தொட்டு மெலிந்து பழுப்பேறிக் கிடக்கின்றன. சிலவற்றின் ஓரம் ஒரு கீற்றும் இல்லாமல் வெறுமையாயிருக்கிறது. செல்வத்தின் நிலையாமையைச் சொல்லி மன்னர்களுக்கு உபதேசிக்கும் நான்காம் பத்தின் முதல் திருவாய்மொழியில் பாட்டனாரின் குறிப்பு ஒன்றே ஒன்று. தூது விடும் திருவாய்மொழிகளிலோ எழுத இடமில்லை. ரஸிகத்வம் என்று இதைப் புகழலாம். அடியேனுக்கு அப்படித் தோன்றவில்லை. தனக்கு ருசித்த பத்தை மட்டும் மீண்டும் மீண்டும் படிப்பவன் ஆழ்வாரைப் படிக்கிறானா, தன் மனத்தைப் படிக்கிறானா?

அந்தத் தூதுப் பதிகங்களையே எடுத்துக்கொள்வோம். திருவாய்மொழியில் அவை நான்கு: முதற்பத்தில் நான்காவது, ஆறாம் பத்தில் முதலாவதும் எட்டாவதும், ஒன்பதாம் பத்தில் ஏழாவது. முதல் தடவை படிக்கிறவனுக்கு நான்கும் ஒன்றுபோலவே இருக்கும். தலைவி ஆற்றாமையால் பறவைகளைப் பார்த்துத் தூது சொல்லுகிறாள், அவ்வளவே. நாலாவது தூதுக்கு வரும்போது, இதைத்தான் முன்பே பாடினாரே என்றுகூடத் தோன்றலாம். ஆசார்ய ஹ்ருதயத்தில் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் இந்நான்கையும் ஒரே சூர்ணிகையிலே அருகருகே வைத்துக் காட்டுகிறார். தன் பிழையைக் கண்டு அவன் வாராதொழிந்தான் என்பது முதல் தூதின் நினைவு. அங்கே நினைப்பூட்டப்படுவது அவனுடைய பொறுமை, விஷயம் வ்யூஹம். இரண்டாவதில் திருவண்வண்டூரின் செல்வத்தில் அவன் மறந்தான் என்ற நினைவு. நினைப்பூட்டுவது ரக்ஷிப்பதாக அவன் பூண்ட வ்ரதம், விஷயம் விபவம். மூன்றாவதில் படைப்பின் பரப்பிலே மறந்தான். நினைப்பூட்டுவது அவனோடு கலப்பதில் உள்ள இனிமை, விஷயம் பரத்வமும் அந்தர்யாமித்வமும். நான்காவதில் திருமூழிக்களத்தில் அடியார்களோடு கலந்திருக்கும் இருப்பிலே மறந்தான்; நினைப்பூட்டுவது அவனுடைய வடிவழகு, விஷயம் அர்ச்சாவதாரம்.

முதல் வாசிப்பில் இது தெரிய வழியே இல்லை என்பதைக் கவனிக்கவேணும். எத்தனை மேதாவியானாலும், முதற்பத்தைப் படிக்கும் நேரத்தில் ஒன்பதாம் பத்து அவன் கையில் இல்லை. முதல் தூதிலே தலைவி தன் குற்றத்தை முன்னிடுவதும் கடைசித் தூதிலே அவனுடைய அழகை முன்னிடுவதும் ஒரு பெரிய நடையின் இரண்டு முனைகள். நடுவில் எண்ணூறுக்கு மேற்பட்ட பாசுரங்கள் கிடக்கின்றன. அவற்றைக் கடந்து போனவன் திரும்பி வந்து முதல் தூதைப் படித்தால்தான், இதில் அழகைப் பற்றிய பேச்சு முன்னிற்கவில்லையே, குற்றமே முன்னிற்கிறதே என்பது கண்ணில் படும். இல்லாததைக் காண்பதற்குப் பின்னால் வருவது தெரிந்திருக்க வேண்டும். தூதுகளை மட்டும் பொறுக்கிப் படிப்பவனுக்கும் இது கிட்டாது. நடந்த தூரம் அவனுக்குத் தெரியாதல்லவா? திருவாய்மொழி அந்தாதியாக அமைந்து, கடைசிச் சொல் முதற்சொல்லிலே போய்ச் சேரும்படி இருப்பதை வெறும் யாப்பு என்று அடியேன் கருதவில்லை. முடித்த இடத்திலே தொடக்கம் காத்திருக்கிறது.

ஒருமுறை போதும் என்பவர்கள் நம்பிள்ளையின் வைபவத்தையும் எடுத்துக்காட்டுவதுண்டு. நஞ்சீயர் தம்முடைய ஒன்பதினாயிரப்படியைப் பட்டோலைப்படுத்தும்படி அவரிடம் கொடுக்க, அவர் காவேரியைக் கடக்கும்போது வெள்ளம் ஸ்ரீகோசத்தைக் கொண்டுபோயிற்று. கேட்டிருந்ததைக் கொண்டே முழுவதையும் எழுதி ஸமர்ப்பித்தார். கருத்தோடு ஒருமுறை கேட்டால் போதும் என்பதற்கு இதைவிட வேறு ஸாக்ஷி வேண்டுமா என்பார்கள். ஆனால் சரித்திரத்தின் மறுபாதியை விட்டுவிடக்கூடாது. எழுதி வந்ததைப் பார்த்த நஞ்சீயர், மூலத்தில் இல்லாத விசேஷார்த்தங்கள் சில இடங்களில் சேர்ந்திருக்கக் கண்டார். உகந்து, நம்முடைய பிள்ளை என்று அணைத்துக்கொண்டார். அந்த அதிகமான அர்த்தங்கள் எங்கிருந்து வந்தன? கேட்டபோது வந்தவை அல்ல. கேட்டதை ஏடு இல்லாமல் மனத்திலே மறுபடி ஓடவிட்டபோது வந்தவை. ஓலை போயிற்று, ஆவ்ருத்தி நடந்தது.

ஈட்டின் பிறப்பும் இப்படிப்பட்டதே. பகலில் நம்பிள்ளை அருளிச்செய்ததை இரவில் வடக்குத் திருவீதிப்பிள்ளை எழுதிவைத்தார். எழுத்தே இரண்டாவது ச்ரவணம். அதே நம்பிள்ளையின் திருவடிகளில் கேட்ட பெரியவாச்சான் பிள்ளையின் இருபத்து நாலாயிரப்படி வேறொரு மிடறாக ஒலிக்கிறது. ஒரே பாசுரத்திற்கு இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தவர் அறிவர்: ஒன்று சுருங்கச் சொன்ன இடத்தில் மற்றொன்று விரிக்கும், ஒன்று ஐதிஹ்யம் காட்டிய இடத்தில் மற்றொன்று மௌனம். உபதேச ரத்தினமாலையில் மாமுனிகள் ஐந்து வியாக்கியானங்களையும் தனித்தனியே கொண்டாடினார். ஒன்று வந்தபின் மற்றவை வீண் என்று நினைத்திருந்தால், ஐந்தாக அவை வளர்ந்திருக்கவும் மாட்டா, அவர் அவற்றைப் பேணியிருக்கவும் மாட்டார். ஒரே நூலை நம் பூர்வர்கள் எத்தனை முறை திரும்பப் படித்தார்கள் என்பதற்கு அந்த ஐந்துமே எழுத்திலுள்ள ஆதாரம்.

இங்கேதான், தொடக்கத்தில் சொன்ன ஆக்ஷேபத்தின் நியாயமான பகுதிக்கு இடம் கொடுக்கவேண்டும். மறுபடி படி என்றால் மறுபடியும் ஈட்டையே, அதே க்ரமத்தில், அதே குரலில் என்று ஏன் கொள்ளவேண்டும்? நான்கு முறை ஈடு கேட்டவர்களில், திருக்குருகைப்பிரான் பிள்ளானுடைய ஆறாயிரப்படியை ஒருமுறையாவது முழுமையாகப் பார்த்தவர் எத்தனை பேர்? எம்பெருமானார் நியமனத்தாலே பிறந்த முதல் வியாக்கியானம் அது. ஸம்ஸ்க்ருதம் மிகுந்த நடை, சுருக்கம், ஐதிஹ்யங்களின் இனிமை இன்மை ஆகியவற்றால் அதை ஒதுக்கிவிட்டார்கள். வாதிகேஸரி அழகிய மணவாள ஜீயரின் பன்னீராயிரப்படியைப் பதவுரைக்காக மட்டும் புரட்டுவதும் இப்படித்தான். புதிய நூலைத் தேடுகிறவர்களுக்கு, பழைய நூலின் உள்ளேயே திறவாத கதவுகள் இருக்கின்றன என்பதே அடியேனுடைய விடை. இப்போது ஒலிப்பதிவில் கேட்பவர்களும் பெருகியிருக்கிறார்கள். அதில் பிழை காண அடியேனுக்கு மனமில்லை, தூரதேசத்தில் இருப்பவர்களுக்கு அது பெரும் உபகாரம். ஆனால் பதிவு செய்த குரல் எத்தனை முறை கேட்டாலும் அன்று சொன்னதையே சொல்லும். ஸந்தேஹம் கேட்டால் பதில் சொல்லாது. இரண்டாம் முறை கேட்பவனுக்கு வரும் ஸந்தேஹம் முதல் முறை கேட்பவனுடையதைக் காட்டிலும் கடினமானது. அதற்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஆசார்யர் வேண்டும்.

ஆகையால் இரண்டாம் சுற்றுக்கு வருகிறவர்களிடம் அடியேன் விண்ணப்பிப்பது: முதலில் பிள்ளானைப் பாருங்கள். ஒவ்வொரு பாசுரத்திற்கும் அவர் சொன்ன சில வரிகளை வைத்துக்கொண்டு, ஈட்டில் என்ன வரும் என்பதை ஸ்ரீகோசத்தைத் திறவாமல் சொல்லிப் பாருங்கள். அதன்பின் ஈட்டைத் திறக்கலாம். நினைவில் நிற்காமல் போன இடங்களை ஓரத்தில் குறித்துக்கொள்ளவேணும். எங்கள் ஸம்புடங்களில் குறிப்பு இல்லாமலிருந்த பக்கங்கள் இப்படித்தான் சில ஆண்டுகளாக நிரம்பி வருகின்றன. நான்காம் பத்தின் முதல் திருவாய்மொழியில், பாட்டனாருடைய அந்த ஒற்றைக் குறிப்பின் கீழே இப்போது எழுத இடம் குறைவாகவே இருக்கிறது.