கொடியும் மேசை விரிப்பும்

தாக்குண்ட நாட்டின் கொடியை நகர மன்றக் கட்டடத்தின் உச்சியில் ஏற்றுவது மேலைநாடுகளில் வழக்கமாகிவிட்டது. 2022 பிப்ரவரி 24-ஆம் நாள் ரஷ்யப் படைகள் உக்ரைன் மீது பெரும் தாக்குதல் தொடுத்தபோது, பிரிட்டனின் நகர மன்றங்கள் பலவற்றில் நீலமும் மஞ்சளுமான உக்ரைன் கொடி பறந்தது. அதனை நாம் குறை கூற வரவில்லை. எனினும், இத்தகைய தோழமையை எந்த அளவுகோலால் அளப்பது என்பதை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

அந்நாட்டுக் கோவென்ட்ரி நகரமே அவ்வளவுகோலை நமக்குத் தருகிறது. 1940 நவம்பர் 14-ஆம் நாள் இரவு ஜெர்மானிய விமானங்கள் பொழிந்த குண்டுகளால் அந்நகரம் எரிந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஈராண்டுகளுக்குப் பின் ரஷ்யாவின் ஸ்டாலின்கிராட் போர்க்களமானது. அப்போது கோவென்ட்ரிப் பெண்கள் 830 பேர் ஆளுக்கு ஆறு பென்ஸ் ஈந்தனர். அவர்தம் பெயர்கள் பூத்தையலால் பொறிக்கப்பெற்ற மேசை விரிப்பொன்று, திரட்டிய பணத்தோடு அந்நகருக்குச் சென்றது. பெரும் இரக்கத்தைவிடச் சிறு உதவியே மேல் என்னும் கருத்தும் அதில் இழைக்கப்பட்டிருந்தது. 1944-இல் இரு நகரங்களும் உறவு பூண்டன.

கொடியும் துணி, விரிப்பும் துணி. ஆயின், கொடியை மன்றம் ஏற்றுகிறது, மக்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். விரிப்பிலோ மக்களே தம் பெயரோடும் பொருளோடும் நிற்கிறார்கள். வேறுபாடு இதுவே.

ஸ்டாலின்கிராட் 1961-இல் வோல்கோகிராட் எனப் பெயர் மாறிற்று. 2022-இல் உக்ரைனின் பொருட்டுக் கோவென்ட்ரி மன்றம் அந்நகருடன் கொண்ட உறவை நிறுத்தி வைத்தது. படையெடுத்த அரசின் அலுவலரோடு விருந்துண்ண மறுப்பது முறையே. ஆனால், போரைத் தொடுத்தது மாஸ்கோ அரசு. விரிப்பைப் பெற்றது குண்டுமழையில் நலிந்த ஒரு மக்கட்கூட்டம். அலுவல் உறவை மன்றம் நிறுத்தலாம். 830 பெண்கள் நீட்டிய கையை மடக்க அதற்கு உரிமை உண்டோ? அவ்வாறு மடக்குவதால் உக்ரைனியர் ஒருவருக்கேனும் பசி தீருமோ?

பசி தீர்த்தது வேறொன்று. 2022 மார்ச்சில் தொடங்கிய அரசுத் திட்டத்தின்படி, பிரிட்டிஷ் குடும்பங்கள் உக்ரைனிய அகதிகளைத் தம் இல்லங்களில் ஏற்றன. அவ்வில்லங்கள் தங்கத் தக்கனவா என நேரிற் சென்று ஆய்ந்ததும், இடமளித்தோர்க்குத் திங்கள்தோறும் 350 பவுன் வழங்கியதும் உள்ளூர் மன்றங்களே. கொடியைப்போல் இப்பணி எவர் கண்ணிலும் படவில்லை. எனினும், அந்த மேசை விரிப்பின் உண்மையான வாரிசு இதுவேயாகும்.

வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுப்பதன் அருமையைக் குடும்பம் நடத்துவோர் அறிவர். ஒரு மன்றம் எக்கொடியை ஏற்றியது என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. அக்கொடியின்கீழ் எத்தனை கதவுகள் திறந்தன என்றே கேட்டல் வேண்டும்.