மறைசாட்சி: ஒரு சொல்லும் அருளானந்தர் வரலாறும்

1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்த சேசு சபைத் துறவி ஜான் டி பிரிட்டோவைத் தமிழ்க் கத்தோலிக்கர் அருளானந்தர் என வழங்குவர். 1647இல் லிஸ்பனில் பிறந்த இவரது வரலாறு ஐரோப்பிய மொழிகளின் வழியே தமிழுக்கு வந்தபொழுது, சில சொற்கள் நிகழ்ச்சியின் பொருளையே முன்கூட்டி முடிவுசெய்துவிட்டன.

பெயரில் குறையில்லை. யோவான் என்னும் எபிரேயப் பெயர் 'ஆண்டவர் அருள்கூர்ந்தார்' எனப் பொருள்படும். 'அருள்' அதன் நேர் பெயர்ப்பு. 'ஆனந்தர்' இந்நாட்டுத் துறவியர் பெயர் மரபு. திருவிதாங்கூரில் 1752இல் கொல்லப்பட்டு 2022இல் புனிதராக அறிவிக்கப்பெற்ற இல்லறத்தார் தேவசகாயத்தின் பெயரும் இலாசர் என்பதன் பெயர்ப்பே. பழைய மறைநூல்களின் 'அருளப்பர்' 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பில் 'யோவான்' ஆனது ஒப்புமைக்கு உதவிற்று, பொருளுக்கு இழப்பே.

'மறைசாட்சி' என்பதுதான் ஆராயத்தக்கது. கிரேக்க மூலச் சொல் 'சாட்சி' என்ற அளவே பொருள் தருவது. இறப்பு அதனுள் பின்னர் ஏறிய பொருள். சுரியானி வழியே மலையாளக் கிறித்தவர் வழங்கும் 'சஹதா'வும் அத்தகையதே. மலையாளத்தில் 'ரக்தசாட்சி' இன்று அரசியல் கட்சிகளின் சொல்லாகவும் பரவியுள்ளது. தமிழ் அரசியலோ அவ்விடத்தில் 'தியாகி' என்றது. சாட்சி மறைந்து ஈகம் முன்நின்றது. பழைய 'வேதசாட்சி'யில் வேதம் என்பது சமயம். அதனை 'மறை' என மாற்றியவர்கள் 'சாட்சி'யைத் தொடவில்லை. விவிலியத்திற்குள் 'சான்று' வந்த பின்னரும் இச்சொல் அசையவில்லை.

இதனினும் சிக்கலானது 'வேதகலாபனை'. தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையோரை நீக்கினார். நீக்கப்பட்டோருள் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவினர். 1686இல் சிறைப்பட்ட அருளானந்தரை விடுவித்தவரும் இச்சேதுபதியே. ஆகவே, மணவுறவும் அரசுரிமையும் கலந்த ஒரு பூசலைச் சமயப்பகை என்னும் ஒற்றைச் சொல்லில் அடக்குவது விளக்கமாகாது. திருச்சபைச் சட்டமோ, மறைசாட்சி எனக் கொள்வதற்கு விசுவாசத்தின் மீதான வெறுப்பே கொலைக்குக் காரணமாதல் வேண்டும் என்கிறது. வரலாற்றாசிரியர் சொல்லைச் சட்டத்தின் தேவைக்கேற்பத் தேர்ந்தனர் எனக் கருத இடமுண்டு. ஆனால், மனைவியரை நீக்கச் செய்தது சமய ஒழுக்கமே என்பதால், அச்சொல் முற்றிலும் பொருந்தாது என்றும் தள்ளுவதற்கில்லை. நீக்கப்பட்ட பெண்களின் நிலையைப் பெரும்பாலான தமிழ் நூல்கள் ஒரு தொடரில் கடந்துவிடுவது வருந்தத்தக்கது.

உரோமையில் எழுந்த வழக்கும் ஒருவகையில் மொழிபெயர்ப்பு வழக்கே. பண்டாரசாமிகளின் உடையும் உணவும் வழக்கங்களும் மேற்கொண்ட ஒருவர் மறைசாட்சியாதல் கூடுமோ என்ற ஐயத்திற்கு, அது தடையன்று என 1741இல் பதினான்காம் பெனடிக்ட் விடையளித்தார். அவரே 1744இல் மலபார்ச் சடங்குகளைக் கண்டித்தார். 1853இல் முத்திப்பேறும் 1947இல் புனிதர் நிலையும் அருளானந்தருக்கு அறிவிக்கப்பெற்றன. இனி இவ்வரலாற்றைப் பெயர்ப்போர் 'மறைசாட்சி'யைக் காத்துக்கொள்ளலாம்; 'வேதகலாபனை' நிற்கும் இடங்களில் மட்டும் கைதும் விசாரணையும் தண்டனையும் என நிகழ்ந்தவற்றைத் தனித்தனியே பெயரிட்டு எழுதுதல் தகும்.