அஞ்சி நடந்த பயணி: பனியனின் ஒரு பாத்திரம் பற்றிய திறனாய்வு

கிறிஸ்தவ விசுவாசம் அச்சத்தை நீக்குகிறது என்பது நம் பிரசங்க மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் கூற்று. இக்கூற்று தவறானதன்று. ஆயினும், இதிலிருந்து பெறப்படும் முடிவு ஒன்று பெருந்தவறாய் முடிகிறது. விசுவாசமுள்ளவன் அஞ்சான், ஆகவே அஞ்சுகிறவன் விசுவாசமற்றவன் என்பதே அம்முடிவு. இத்தவற்றில் நாமும் பங்குடையோம். பல ஆண்டுகளுக்கு முன் கிராமச் சபையொன்றில் பணியாற்றியபோது, அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் மாலை முதியவர் ஒருவரைக் காணச் சென்றோம். அவர் நம் கையைப் பற்றிக்கொண்டு, “ஐயா, எனக்குப் பயமாயிருக்கிறது” என்றார். “விசுவாசி பயப்படலாமா?” என்று கேட்டு, ஜெபித்துவிட்டுத் திரும்பினோம். அவர் பிழைத்தெழுந்தார். பின்னர் அவர் மனைவியார் கூறியதாவது: அன்றிரவு முழுவதும் அவர் உறங்கவில்லை, காண வந்த மற்றெவரிடமும் தமது அச்சத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாம் அவருடைய அச்சத்தை நீக்கவில்லை. அதைச் சொல்லும் வாயை மட்டுமே அடைத்துவிட்டோம்.

இவ்வனுபவத்தை மனத்திற்கொண்டு ஜான் பனியனின் ‘மோட்சப் பிரயாணம்’ என்னும் நூலை மீண்டும் வாசித்தபோது, முன்பு கவனியாது கடந்துவந்த ஒரு பாத்திரம் நம்மைத் தடுத்து நிறுத்தியது. இந்நூலின் முதற்பாகம் 1678-இலும் இரண்டாம் பாகம் 1684-இலும் வெளிவந்தன. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இந்நூலைத் தழுவியே தமது ‘இரட்சணிய யாத்திரிக’த்தை இயற்றினார். எனினும் நம்மவர் பெரிதும் அறிந்தது கிறிஸ்தியானின் பயணத்தைக் கூறும் முதற்பாகமே. அவன் மனைவி மக்களின் பயணத்தைக் கூறும் இரண்டாம் பாகத்தில்தான் நாம் குறிப்பிடும் மனிதர் வருகிறார். அவரை ‘அச்சமுடையார்’ என்றும், அவருக்கு வழித்துணையாய்ச் சென்று பின்னர் அவர் கதையைச் சொல்லும் வீரரைப் ‘பெருநெஞ்சர்’ என்றும் இங்கே தமிழில் வழங்குவோம்.

அச்சமுடையார் அவநம்பிக்கைச் சேற்றின் கரையில் ஒரு மாதத்திற்கு மேல் கிடக்கிறார். தம் கண்முன்னே பலர் கடந்து செல்லவும், கைகொடுக்க முன்வரவும், அவர் அடியெடுத்து வைக்கவில்லை. திரும்பிச் செல்லவும் இல்லை. வெயிலடித்த ஒரு காலையில் எப்படியோ கடந்துவிடுகிறார். கடந்த பின்னரோ அதை அவராலேயே நம்ப முடியவில்லை. வாசலில் நின்று மற்றவர்களுக்கு வழிவிட்டு, தாம் தகுதியற்றவர் என்று பின்வாங்குகிறார். வியாக்கியானியின் வீட்டுக்கு வெளியே, கதவைத் தட்டத் துணிவின்றிக் குளிரில் கிடக்கிறார். அவ்வேளையிலும் அவர் மடியில் ஒரு கடிதம் இருக்கிறது. தாம் கோழை நெஞ்சினர் என்பதால் வலிமையுள்ள துணைவர் ஒருவரைத் தமக்குத் தர வேண்டுமென அவ்வீட்டுத் தலைவரை வேண்டும் கடிதம் அது.

இக்கடிதமே இப்பாத்திரத்தைத் திறக்கும் திறவுகோல் என்போம். அச்சமுடையார் தமது அச்சத்தை மறைக்கவில்லை. அதையே தமது விண்ணப்பமாக்கிக் கொள்கிறார். வீட்டுத் தலைவரும் முதலில் அஞ்சாதிருக்கக் கற்றுவருமாறு கூறி அவரைத் திருப்பியனுப்பவில்லை. அவர் வேண்டிய துணையையே அனுப்புகிறார்.

அவர் எவற்றுக்கு அஞ்சினார், எவற்றுக்கு அஞ்சவில்லை என்பதும் ஆராயத்தக்கது. கடின மலைக்கு அவர் அஞ்சவில்லை, சிங்கங்களுக்கும் அஞ்சவில்லை. மாயச் சந்தையிலோ, அங்குள்ளோர் அனைவரோடும் சண்டையிட்டு விடுவார் என்று துணைவரே அஞ்சும்படி நடந்துகொள்கிறார். தாழ்மையின் பள்ளத்தாக்கில் மகிழ்ச்சியோடு தரையைத் தழுவிக் கிடக்கிறார். அவருடைய அச்சம் ஒன்றே: முடிவில் தாம் ஏற்றுக்கொள்ளப்படுவோமா என்பது. அஞ்சத்தக்கதற்கு அஞ்சாதிருப்பது அறிவின்மை என்பது வள்ளுவர் கருத்து. பனியன் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். தேவனுக்குமுன் நிற்பதைக் குறித்த பெரிய அச்சம் உள்ளத்தை ஆளும்போது, உலகத்தின் சிங்கங்கள் சிறுத்துப்போகின்றன என்று அவர் காட்டுகிறார்.

முடிவில் ஆறு வருகிறது. முதற்பாகத்தில் அப்பொல்லியோனோடு போரிட்டு வென்ற கிறிஸ்தியானே இவ்வாற்றில் அமிழ்ந்து, தோழன் தலையைத் தாங்கிப் பிடிக்கக் கரையேறுகிறான். அச்சமுடையார் வந்தபோதோ, பெருநெஞ்சர் அதுவரை கண்டிராத அளவுக்கு நீர் வற்றியிருந்தது. அவர் பாதம் நனைந்ததற்குச் சற்று மேலாகவே கடந்து போய்விட்டார். மரண நிழலின் பள்ளத்தாக்கும் அவர் சென்றபோது என்றுமில்லாத அமைதியோடிருந்தது. அஞ்சுகிறவனுக்குத் தேவன் வீரனின் நெஞ்சைக் கொடுக்காமற்போனாலும், ஆற்றைத் தாழ்த்திக் கொடுக்கக்கூடும். இது மிகுந்த ஆறுதலுள்ள போதனையாகும்.

இதை எழுதியவர் அச்சத்தை அறியாதவர் அல்லர். 1666-இல் வெளிவந்த தமது தன்வரலாற்றில், எல்ஸ்டோ கிராமத்து ஆலயமணி தம்மேல் விழுமென்று அஞ்சியதையும், பின்னர்க் கோபுரமே விழுமென்று அஞ்சி ஓடியதையும் பனியன் வெட்கமின்றிக் கூறுகிறார். அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காக 1660-இல் சிறைப்பட்டு, ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் பெட்ஃபர்டு சிறையில் இருந்தார். பிரசங்கிப்பதில்லை என்று வாக்களித்திருந்தால் விடுதலை பெற்றிருக்கலாம். பார்வையற்ற மகளின் நினைவு அவரை வாட்டியது. தூக்குமேடை ஏணியில் முகம் வெளிறி, முழங்கால் நடுங்க நின்று, சுவிசேஷத்திற்கு இழிவு தேடிவிடுவோமோ என்றும் கலங்கினார். இறுதியில் அவர் கண்ட தெளிவு யாது? தேவன் தமக்கு ஆறுதல் தந்தாலும் தராவிட்டாலும், ஏணியிலிருந்து கண்மூடி நித்தியத்திற்குள் குதிப்பது, தாங்கினால் தாங்கட்டும் என்பதே. அச்சம் அகலவில்லை; ஆனால் தீர்மானிக்கும் உரிமையை அது இழந்துவிட்டது. அச்சத்தை மேற்கொள்ளுதல் என்பதற்கு இதைவிட நேர்மையான விளக்கத்தை நாம் அறியோம்.

திருமறையும் இதற்கு மாறாகப் பேசவில்லை. தமிழ் வேதாகமத்தில் ‘பயம்’ என்றே வழங்கும் இடங்களில் கிரேக்க மூலம் இரு சொற்களை ஆளுகிறது. 2 தீமோத்தேயு 1:7-இல் உள்ள ‘தெய்லியா’ கோழைத்தனத்தைக் குறிக்கும். வெளிப்படுத்தல் 21:8-இல் தள்ளப்படுகிறவர்களும் இவ்வகையினரே. அஃதாவது சோதனையில் ஆண்டவரை விட்டு விலகுவோர். 1 யோவான் 4:18-இல் உள்ள ‘போபொஸ்’ என்னும் சொல்லோ, முந்தின வசனம் காட்டுகிறபடி, நியாயத்தீர்ப்பு நாளைக் குறித்த அச்சத்தைச் சுட்டுகிறது. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, நோயாளியின் நடுக்கத்தின்மேல் சுமத்துவது வசனத்திற்கும் நீதியன்று, மனிதனுக்கும் நீதியன்று. கெத்செமனேயில் ஆண்டவரே திகிலடைந்தார் என்று மாற்கு எழுதத் தயங்கவில்லை. புயலின் நடுவிலும், மாற்குவின்படி, அவர் முதலில் கடலை அமர்த்துகிறார். அதன் பின்னரே சீஷரை வினவுகிறார்.

பனியனிடம் குறையில்லை என்று கூறோம். உருவக நூலில் ஒருவனுடைய பெயரே அவனுடைய இயல்பாகிவிடுகிறது. அச்சமுடையார் கடைசிவரை அச்சமுடையாராகவே இருக்க வேண்டியவராகிறார். தன்வரலாற்றிலோ அச்சம் வந்து, வளர்ந்து, போராடி, இடம் மாறுகிறது. அங்குள்ள உயிரோட்டம் இங்கே இல்லை. சபையாரில் ஒருவரைப் ‘பயந்த சுபாவமுள்ளவர்’ என்று நாம் முத்திரையிடும்போது செய்வதும் இதுவே. ஏற்றுக்கொள்ளப்படுதல் பற்றிய அச்சமொன்றையே இப்பாத்திரத்தில் பனியன் வரைந்ததால், கடனுக்கும் நோய்க்கும் அஞ்சுகிறவர் இவரில் தம் முகத்தை முழுமையாகக் காண்பது அரிது. எனினும் அச்சத்தைப் பக்தியின் அடையாளமாக அவர் போற்றவில்லை. அச்சமுடையார் தமக்கும் பிறருக்கும் பாரமாயிருந்தார் என்பதைப் பெருநெஞ்சர் மறைக்கவில்லை. இசைக்கு மந்த சுரம் அடிப்படையே. முடிவு நெருங்கும்வரை வேறு சுரத்தையே வாசிக்க இயலாமற்போனதுதான் அவர் குறை என்கிறார்.

இக்கதையைக் கேட்டு முடித்தவுடன் நிகழ்வதையும் நாம் மறத்தலாகாது. கிறிஸ்தீனாள், தன்னைப் போன்றவர் வேறொருவரும் இல்லையென எண்ணியிருந்ததாகக் கூறுகிறாள். அவளைத் தொடர்ந்து உடன்வந்த மற்றவர்களும் தத்தம் அச்சங்களைச் சொல்லத் தொடங்குகிறார்கள். ஒருவர் அச்சம் பேசப்பட்டதும் அனைவருடைய நாவும் கட்டவிழ்கிறது. சபை என்பது இதுவன்றோ! பெருநெஞ்சர் இவரை ஒருமுறையும் பழிக்கவில்லை. ஆற்றங்கரை வரை அவரோடு உடன்சென்றார்.

அம்முதியவர் நம் கையைப் பற்றியபோது நீட்டியது அத்தகைய கடிதமே. அதை நாம் வாசிக்கவில்லை. இறையியல் கல்லூரியிலிருந்து ஊழியத்திற்குச் செல்லும் இளைஞர் அதை வாசிக்கக் கற்பாராக. அச்சம் நீங்கும்வரை காத்திராமல் அதனோடே நடக்கச் செய்யும் விசுவாசமும், அவ்வழியில் உடன்நடக்கும் சகோதரனும் ஆண்டவர் தந்த ஈவுகள். இவற்றுள் இரண்டாவதாக இருக்கவே நாம் அழைக்கப்பட்டோம்.