மலை தெரியும் ஜன்னல்: வேங்கிக்கால் வீடுகளைப் பற்றி ஒரு குறிப்பு

சித்தப்பா ரிட்டயர் ஆன பணத்தில் வேங்கிக்காலில் வீடு கட்டி மூன்று வருடம் ஆகிறது. 30க்கு 40 மனை, வடக்குப் பார்த்தது. கீழும் மேலுமாக 1,650 சதுர அடி. சென்ற மே மாதம் நான்கு நாள் அங்கே தங்கினேன். மாடியில் பெரிய படுக்கையறை பூட்டிக் கிடந்தது. ஏப்ரலிலிருந்து எல்லாரும் கீழே ஹாலில் பாய் போட்டுத்தான் படுக்கிறார்களாம். சித்திக்கு முட்டிவலி, தரையில் படுத்தால் காலையில் எழுந்திருக்க ஆள் வேண்டும். "மேல போனா அடுப்புக்குள்ள போன மாதிரி இருக்குடா" என்றார்.

ஒருநாள் சாயங்காலம் நாலு மணிக்கு அந்த அறையைத் திறந்து உட்கார்ந்து பார்த்தேன். அறை தென்மேற்கு மூலையில் இருக்கிறது. மேற்குச் சுவரில் ஆறடி ஜன்னல். மலை தெரிய வேண்டும் என்று சித்தப்பா ஆசைப்பட்டு வைத்தது. இப்போது உள்பக்கம் தெர்மகோல் ஒட்டி, அதன்மேல் பழைய போர்வையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். மலையைப் பார்க்கக் கட்டிய ஜன்னலில் மலை தெரியவில்லை.

இதில் யாருடைய தப்பு என்று தேடுவது வீண். மேஸ்திரி நல்ல வேலைக்காரர், சுவர் நூல் பிடித்த மாதிரி நிற்கிறது. பிளான் போட்டுக் கொடுத்த இன்ஜினியரும் கம்பி கணக்கில் குறை வைக்கவில்லை. ஆனால் இந்த மனையில் வெயில் எங்கிருந்து வரும், மலை எந்தப் பக்கம், இரண்டும் மோதினால் என்ன செய்வது என்று யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. அப்படி யோசிப்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

வேங்கிக்காலிலிருந்து பார்த்தால் அண்ணாமலை தென்மேற்கில் நிற்கிறது. அதாவது இந்த ஊரில் எல்லாருக்கும் வேண்டிய காட்சி, எல்லாரும் தவிர்க்க வேண்டிய வெயிலின் பக்கத்திலேயே இருக்கிறது. திருவண்ணாமலை ஏறக்குறைய 12 டிகிரி வடக்கில் இருப்பதால் மே, ஜூனில் நடுப்பகல் சூரியன் தலைக்கு மேலே கொஞ்சம் வடக்கே சாய்ந்து போகும். தெற்குச் சுவருக்கு அப்போது பெரிய தொந்தரவு இல்லை. மொட்டைமாடித் தளமும் மேற்குச் சுவரும்தான் அடி வாங்கும். நாலு மணி வெயில் தாழ்வாகப் படுக்கை வாட்டத்தில் வருவதால், ஒன்றரை அடி சன்ஷேட் அதற்குக் குடை பிடிக்காது. ஒன்பது அங்குல செங்கல் சுவர் மதியம் வாங்கிய சூட்டை உடனே உள்ளே விடாது, ஆறேழு மணி நேரம் வைத்திருந்து, நாம் படுக்கப் போகும்போது அவிழ்த்துவிடும். ஏசி போட்டாலும் அது சுவரோடுதான் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

இதே மனையில் வேறு என்ன செய்திருக்கலாம்? மாடிப்படியையும் குளியலறையையும் மேற்குப் பக்கம் தள்ளியிருக்கலாம். அவை வெயிலை வாங்கிக்கொண்டு அறைகளைக் காப்பாற்றும். படி திரும்புகிற இடத்தில் மலை பார்க்க ஒரு ஜன்னல் வைக்கலாம். அங்கே யாரும் தூங்கப்போவதில்லை, ஏறி இறங்கும்போது நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். "கன்னி மூலையில பெட்ரூம் வரணுமே" என்று சித்தப்பா கேட்டார். தெற்கு, மேற்கில் படி வைக்க வாஸ்துக்காரர்கள் பொதுவாகத் தடை சொல்வதில்லை. கன்னி மூலை கனமாக, மூடி இருக்க வேண்டும் என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். அந்த மூலையில் போய் ஆறடி ஓட்டை போட்டதை வாஸ்துவும் ஒப்புக்கொள்ளாது, வெயிலும் ஒப்புக்கொள்ளவில்லை.

கட்டும் முன்பு ஒரு ஆர்க்கிடெக்டைப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றே முக்கால் லட்சம் கேட்டாராம். "ஒரு பேப்பருக்கா இவ்வளவு?" என்று திரும்பி வந்துவிட்டார்கள். சரி, கணக்குப் போடுவோம். படி தப்பான மூலையில் விழுந்ததால் அறைகளுக்குப் போக நாலடிக்குப் பதினாலடியில் ஒரு நடை, கீழும் மேலும். மொத்தம் 112 சதுர அடி. சித்தப்பாவுக்குச் சதுர அடிக்கு 2,300 ரூபாய் ஆனது. ஆக, செருப்பு விடக்கூட லாயக்கில்லாத இருட்டு நடைக்கு மட்டும் 2,57,600 ரூபாய். மாடி அறைக்கு ஓடும் ஏசி, கரண்ட் பில் இதில் சேரவில்லை.

சட்டம் நம்மைக் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட் சட்டம் அந்தப் பெயரைத்தான் பாதுகாக்கிறது. பதிவு செய்யாதவர் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் வீட்டுக்குப் பிளான் போடத் தடையில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரை மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் உடனே அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் மிச்சம், நல்ல காரியம்தான். ஆனால் அப்ரூவல் பார்ப்பது ஓரத்தில் எத்தனை அடி விட்டிருக்கிறோம், உயரம் எவ்வளவு என்பதை. அறையில் தூங்க முடியுமா என்று முன்பும் எவரும் கேட்டதில்லை.

ஆர்க்கிடெக்ட் என்றால் பணக்காரர் சமாச்சாரம் என்கிற எண்ணத்துக்கு லாரி பேக்கர் ஒருவரே போதிய பதில். திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு ஆயுசு முழுக்கச் செலவைக் குறைப்பதையே வேலையாக வைத்திருந்தவர். அவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டில் செங்கலை நிற்க வைத்து நடுவே வெற்றிடம் விடுவார்கள். ஏறக்குறைய கால்வாசி செங்கல் மிச்சம், அந்த வெற்றிடம் சூட்டையும் தடுக்கும். தளத்தில் கான்கிரீட் பாரம் தாங்காத அடிப்பகுதியில் பழைய ஓட்டை வைத்துச் சிமென்ட்டை மிச்சம் பிடிப்பார். (அதற்காக பேக்கர் வீட்டை அப்படியே இங்கே நகல் எடுத்தாலும் தப்புதான். அவருடைய ஓட்டைச் செங்கல் சுவரை வலை இல்லாமல் வேங்கிக்கால் ஏரி ஓரத்தில் கட்டினால் கொசு குடும்பத்தோடு குடிவரும்.)

இந்த ஊருக்கு இது புது விஷயமும் கிடையாது. ரமணாசிரமத்து மாத்ருபூதேஸ்வரர் கோயிலுக்கு 1939இல் கடைக்கால் போட்டு, 1949இல் கும்பாபிஷேகம் செய்தார்கள். வைத்தியநாத ஸ்தபதி பொறுப்பில் நடந்தது. ஸ்தபதி எதற்கு, கல்தச்சரே போதுமே என்று கோயில் விஷயத்தில் யாரும் கேட்பதில்லை. வீட்டு விஷயத்தில்தான் கேட்கிறோம்.

எல்லா ஆர்க்கிடெக்டும் யோக்கியம் என்று நான் சொல்லவில்லை. மேற்கே முழுக்கக் கண்ணாடி வைத்து, உள்ளே திரை போட்டுக்கொள்ளச் சொல்லும் ஆட்களும் உண்டு. பணம் பேசும் முன்பு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "சார், மனையைச் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து பார்ப்பீங்களா?" போட்டோ அனுப்புங்க போதும் என்றால் அவரும் பேப்பர்தான் விற்கிறார்.

கிளம்புகிற அன்று சித்தப்பா வீட்டுக்குப் பின் தெருவில் கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அதே மேஸ்திரி. வடக்குப் பார்த்த மனை, அதே 30க்கு 40. கையில் இருந்த ஜெராக்ஸை வாங்கிப் பார்த்தேன். சித்தப்பா வீட்டுப் பிளான்தான், பெயர் மட்டும் மாற்றியிருந்தது. "மலை நல்லா தெரியணும்னு ஓனர் சொன்னாரு சார், அதான் ஜன்னலை ஏழடி ஆக்கிட்டோம்" என்றார்.